திருவிடந்தை நாஸ்தா கடையின் ஈ அட்டை

22.4.2024 – 41
29.4.2024 – 58
6.5.2024 – 97
13.5.2024 – 163
20.5.2024 – 248
24.5.2024 – 311
25.5.2024 – 4
26.5.2024 – 3
27.5.2024 – 318
6.6.2024 – 7

மேலே இருப்பவை ரூபாய் அல்ல, ஈக்கள்.

எண்ணியவர் செங்கல்வராயன். எண்ணிய இடம், திருவிடந்தையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கோயிலுக்குத் திரும்பும் வழியில் அவர் மனைவி சம்பூர்ணம் நடத்தும் நாஸ்தா கடை. பதினான்கு அடி நீளம், பதினோரு அடி அகலம், இரண்டு மேசை, இரண்டு பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஒரு டிவி, முன்புறம் ஒரு தகரச் சாய்ப்பு. இடையில் இரண்டு நாட்கள் மட்டும் வேறொருவர் எண்ணினார். அந்த இரண்டு நாட்களால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

செங்கல்வராயன் பிறந்தது 1959இல். பள்ளிச் சான்றிதழ் ஜூன் 1 என்கிறது, ஜாதகம் ஆவணி மாதம் என்கிறது. எது சரி என்று அவருடைய தாயாருக்கே நினைவில்லாததால் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார். 1984இல் மின்சார வாரியத்தில் சேர்ந்து 2017 மே 31 அன்று ஓய்வு பெற்றார். இடைப்பட்ட முப்பத்து மூன்று ஆண்டுகளும் ஒரே வேலைதான். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்ப்பார், வெள்ளை அட்டையில் அளவை எழுதுவார், அட்டையை ஆணியில் திரும்ப மாட்டுவார், அடுத்த வீட்டுக்குப் போவார். அந்தக் காலத்தில் அவரை நாய் கடித்தது பதினொரு முறை. அதில் ஏழு கேளம்பாக்கத்தில். அந்த ஏழில் மூன்று ஒரே நாய். அந்த வீட்டு அட்டையில் கூட அளவு தவறாமல் எழுதப்பட்டிருக்கும், எழுத்து மட்டும் கொஞ்சம் ஆடியிருக்கும்.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. மீட்டரில் நிற்கும் எண்தான் உண்மை. வீட்டுக்காரர் சொல்வதும் உண்மையல்ல, தான் நினைப்பதும் உண்மையல்ல.

ஓய்வு பெற்ற பிறகு வாசிக்க மீட்டர் இல்லாமல் போனது. அதனால் வீட்டிலிருந்த எல்லாமே மீட்டராகிவிட்டன. கேஸ் சிலிண்டருக்கு ஒரு அட்டை, தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு அட்டை, கொசுவர்த்திக்கு ஒரு அட்டை, மச்சினன் வந்து போவதற்கு ஒரு அட்டை. சமையலறைச் சுவரில் மட்டும் பதினான்கு ஆணிகள். "உனுக்கு வேற வேலயே இல்லயா?" என்று சம்பூர்ணம் கேட்பதற்கும் ஓர் அட்டை இருந்தது. 2017 ஜூன் முதல் 2024 ஏப்ரல் நடுவரை 2,914 முறை.

கடை சம்பூர்ணத்துடையது. 2005 தை மாதம் ஒரே ஒரு அடுப்போடு ஆரம்பித்தார். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து அடுப்பு மூட்டுவார். ஐந்தரைக்கு சிறுசேரி கம்பெனிகளின் இரவு ஷிப்டு ஆட்களை வீட்டில் இறக்கிவிட்டு வரும் கார் ஓட்டுநர்கள் வருவார்கள். ஏழு மணிக்கு மேல் கல்யாணம் கூடவேண்டும் என்று வேண்டிக்கொள்ள மாலையும் கையுமாகக் கோயிலுக்கு வருகிறவர்கள். தனியாக வந்து பொங்கல் சாப்பிட்ட பையன் அடுத்த வருடம் பெண்டாட்டியோடு வந்து இரண்டு பொங்கல் கேட்பான். அந்த வகையில் சம்பூர்ணத்தின் வியாபாரத்துக்குப் பெருமாளே பொறுப்பு. செங்கல்வராயனுக்குக் கடையில் இருந்த உரிமை, மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பது. எதையும் தொடக்கூடாது.

2024 ஏப்ரல் 22, திங்கள்கிழமை, காலை 10.20க்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஜெயப்பிரியா கடைக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். மெல்லிய குரல், கையில் ஒரு தடித்த புத்தகம். வடைத் தட்டைக் குனிந்து பார்த்தார்.

"வடைல இது என்னம்மா?"

"மொளகும்மா. நான் மொளகு தூக்கலாத்தான் போடுவேன்" என்றார் சம்பூர்ணம்.

அந்த மிளகு எழுந்து பறந்து கேசரியின் மேல் போய் உட்கார்ந்தது. கேசரியில் ஏற்கனவே மிளகுகள் இருந்தன. கேசரியில் யாரும் மிளகு போடுவதில்லை.

ஜெயப்பிரியா எழுதிக் கொடுத்த நோட்டீஸ் நான்கு வரி. 'உணவகத்தில் ஈக்கள் அதிக அளவில் காணப்படுகின்றன. நாற்பத்தைந்து நாட்களுக்குள் சரிசெய்யப்படாவிடில் கடையின் பதிவு ரத்து செய்யப்படும்.' நாற்பத்தைந்தாவது நாள் ஜூன் 6, வியாழக்கிழமை.

அவர் போன பிறகு சம்பூர்ணம் அரிசி மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து செங்கல்வராயன் பார்த்ததில்லை.

"கட பூட்சின்னா நான் இன்னாய்யா பண்ணுவேன்? காலீல எதுக்கு எய்ந்துக்குவேன்? நாள் பூரா வூட்ல உன் மூஞ்சியப் பாத்துகினு குந்தணுமா?"

மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றாவதுதான் செங்கல்வராயனை அதிகம் கலக்கியது. ஆனாலும் அவர் மனம் நோட்டீஸின் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றது.

"அதிக அளவுன்னா எத்தினி?"

"நெறயன்னு அர்த்தம்யா."

"நெறயன்னா எத்தினி? எந்த மீட்டர்லயாவது 'நெறய'ன்னு நம்பர் ஓடிப் பாத்துகீறியா?"

"உனுக்கு வேற வேலயே இல்லயா?" என்றார் சம்பூர்ணம். 2,931.

மறுநாளே அவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினார். கேள்விகள் மூன்று. ஒன்று, பதினான்கடிக்குப் பதினோரடி உணவகத்தில் எத்தனை ஈக்கள் வரை இருக்கலாம்? இரண்டு, வெளியே போய்த் திரும்பி உள்ளே வரும் ஈயை ஒரு முறை கணக்கில் எடுப்பதா, இரண்டு முறையா? மூன்று, வாடிக்கையாளர் மேல் உட்கார்ந்திருக்கும் ஈ உணவகத்தைச் சேர்ந்ததா, வாடிக்கையாளரைச் சேர்ந்ததா?

பதில் வரும்வரை சும்மா இருக்க முடியாது. எத்தனை இருக்கலாம் என்பது தெரியாவிட்டாலும் எத்தனை இருக்கிறது என்பதாவது தெரியவேண்டும். நோட்டீஸ் வந்த அன்று சாயங்காலமே ஒரு சதுர அடிப் பலகைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, பதினாறு கட்டங்கள் போட்டு, கடை வாசலில் தண்ணீர் டிரம்மின் மேல் வைத்து எண்ணியிருந்தார். வந்தது 41. ஆனால் அதில் அவருக்குத் திருப்தி இல்லை. ஒரு கட்டத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டத்து ஈ எழுந்து எண்ணிய கட்டத்துக்குள் வந்துவிடுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கும் மீட்டரில் எப்படி ரீடிங் எடுப்பது?

இரண்டு நாள் யோசித்தார். சாப்பிடும் ஈ நகராது என்று கண்டுபிடித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொட்டு வெல்லப்பாகு வைத்தார். ஈக்கள் வந்து அடக்கமாக உட்கார்ந்தன. குச்சி வைத்து ஒவ்வொன்றாகச் சுட்டி எண்ணினாலும் அசையவில்லை. முப்பத்து மூன்று வருட வேலையில் இவ்வளவு ஒத்துழைப்பை எந்த வீட்டுக்காரரும் அவருக்குக் கொடுத்ததில்லை.

ஈ எங்கிருந்து வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கடைக்குப் பக்கத்தில் துரை நுங்கு வண்டி போட்டிருந்தான். நாற்பது வயது, வாய் ஓயாதவன். நுங்கைத் தோண்டிக் கொடுத்துவிட்டு வெறும் காய்களை வண்டிக்குப் பின்னால் வீசுவான். சித்திரை மாதத்தில் அந்தக் குவியல் ஆள் இடுப்பு உயரம். செங்கல்வராயன் அளந்தபோது மூன்றடி நான்கு அங்குலம்.

"துரை, உன் குப்பையாலத்தான் என் வூட்டுக்காரி கட மூடப் போவுது."

"இன்னா அண்ணாத்த, ஈக்கு நானா ஆதார் கார்டு வாங்கிக் குடுத்தேன்? அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போவுது."

"வருதுன்றியே, அப்ப ஒத்துக்கினியா?"

துரையோடு எழுத்து ஆதாரம் வைத்துப் பேசினால் முடிவு வராது என்று சம்பூர்ணம் நடுவில் வந்தார். "துரை, உனுக்குக் காலீல நாஸ்தா யார் குடுக்கறாங்கோ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஏப்ரல் 26 முதல் துரை தினமும் சாயங்காலம் வெறும் காய்களை மூட்டை கட்டி, தையூரில் ஒரு மாட்டுக்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டான். பொழுது போகிற நேரத்தில் இது ஒரு பேஜாரு என்று புலம்பிக்கொண்டே போட்டான்.

குவியல் போனது. 29ஆம் தேதி எண்ணினால் 58.

செங்கல்வராயன் இரண்டு முறை எண்ணினார். 58தான். சரி, வேறு வழி பார்க்கலாம் என்று வாசலில் வரிசையாகத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளைத் தொங்கவிட்டார். 97. கற்பூரம் ஏற்றினார். 163. தண்ணீர்ப் பைகளும் கற்பூரமும் பதவி இழந்தன. தரையை வேப்பெண்ணெய் கலந்த தண்ணீரால் துடைத்தார். ஓட்டுநர்கள் இரண்டு பேர் பொங்கலில் கசப்பு அடிக்கிறது என்று எழுந்து போனார்கள், ஈக்கள் போகவில்லை. 248. இதற்குள் ஒரு கட்டத்தில் பத்துப் பதினைந்து ஈக்கள் நெருக்கியடித்துக்கொண்டு எண்ண முடியாமல் போனதால், துல்லியம் கருதி, கட்டங்களைப் பதினாறிலிருந்து முப்பத்தாறாக உயர்த்தினார். சொட்டுகளும் முப்பத்தாறு ஆயின. 24ஆம் தேதி 311.

இவ்வளவும் ஒரு வெள்ளை அட்டையில் ஏறின. தேதி, முன் அளவு, இப்போதைய அளவு, வித்தியாசம். அட்டையைக் கடைச் சுவரில், விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஆணியடித்து மாட்டினார். அட்டை என்றால் மீட்டர் இருக்கும் இடத்தில்தான் இருக்கவேண்டும்.

மே 21 அன்று செங்கல்பட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகனுக்குப் பெண் அமையவேண்டும் என்று கோயிலுக்கு வந்தவர்கள், ஆறு பேர், ஆறு இலை. பையனின் அம்மா இட்லியைப் பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

"முன் அளவு நூத்தி அறுவத்தி மூணு, இப்ப எரநூத்தி நாப்பத்தெட்டு. கரண்டு பில்லாங்க? ஜாஸ்தியா ஓடுதே."

"கரண்டு இல்லம்மா. ஈ" என்றார் செங்கல்வராயன், முக்காலியிலிருந்து, ஒருவர் அக்கறையாகக் கேட்கிறாரே என்ற சந்தோஷத்தில்.

அந்த அம்மாள் பிட்ட இட்லியைத் திரும்ப இலையிலேயே வைத்தார். மற்ற ஐந்து கைகளும் நின்றன. பையன் மட்டும் ரகசியமாக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்தான்.

அவர்கள் போன பிறகு சம்பூர்ணம் கரண்டியோடு வந்தார். "கடையில ஈ கீதுன்னு எவனாவது போர்டு போட்டு வெப்பானாய்யா? அந்தப் பொண்ணு நாப்பத்தஞ்சி நாள் டைம் குடுத்துது. நீ அதுக்கு முன்னயே மூடிடுவ போலகீதே!"

"அட்டய ஒளிச்சி வெச்சா அது குத்தம்மே."

"குத்தம் அட்டையில இல்லய்யா. முக்காலியில குந்திகினு கீது."

மறுநாள், 22ஆம் தேதி, தபால்காரர் தாவீது அலுவலகத்தின் முதல் பதிலைக் கொண்டுவந்தார். தங்கள் கேள்விகள் தெளிவாக இல்லை, தெளிவுபடுத்தவும் என்று இருந்தது. செங்கல்வராயன் அன்றே நான்கு பக்கத்தில் தெளிவுபடுத்தினார். மூன்றாவது கேள்விக்குப் படமும் வரைந்தார். படத்தில் ஒரு மனிதர், அவர் தோளில் ஒரு ஈ, ஈயிலிருந்து ஒரு அம்புக்குறி, அம்புக்குறியின் முனையில் ஒரு கேள்விக்குறி. தாவீது அதைப் பார்த்துவிட்டு, "ஈ நல்லா வந்துகீது. ஆளுதான் தெரியல" என்றார்.

மே 25, 26 இரண்டு நாளும் மதுராந்தகத்தில் செங்கல்வராயனின் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. போகாமல் இருக்க முடியாது. எண்ணாமலும் இருக்க முடியாது. சம்பூர்ணத்தைக் கேட்டார்.

"ஈ எண்றதுக்கா எங்கம்மா என்னப் பெத்துச்சி?"

வேறு வழியில்லாமல் துரையிடம் பொறுப்பை ஒப்படைத்தார். ஒப்படைப்பு என்றால் வாய்ச்சொல் இல்லை, ஒன்பது அம்சங்கள் கொண்ட காகிதம். பலகை வைக்கவேண்டிய இடம், எண்ணவேண்டிய நேரம் மாலை நான்கு, வெல்லப்பாகு இருக்கும் டம்ளர், ஒரு கட்டத்துக்கு ஒரு சொட்டு. துரை கையெழுத்துப் போட்டான். போடும்போது, "அண்ணாத்த, இதுக்கு பென்ஷன் உண்டா?" என்று கேட்டான்.

27ஆம் தேதி காலை 6.40க்குச் செங்கல்வராயன் பஸ் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கடைக்கு வந்து அட்டையைப் பார்த்தார். 25ஆம் தேதி 4. 26ஆம் தேதி 3.

அவருக்குக் கோபம் வருவது அபூர்வம். அன்று வந்தது.

"துரை! வூட்டுக்குப் போவாமயே ரீடிங் எழுதறவன நான் சர்வீஸ்ல பாத்துகீறேன். முந்நூத்திப் பதினொண்ணு எப்பிட்றா நாலாவும்? முட்டி போட்டு எண்ணினியா, தூங்கிகினு எண்ணினியா?"

"எங்கம்மா சத்தியமா நாலுதான் அண்ணாத்த இருந்துச்சி. நேத்து மூணு. அதுல ஒண்ணு வந்துச்சா போச்சான்னு எனுக்கே டவுட்டு."

"பலக வெச்சியா?"

"வெச்சேன்."

"கட்டத்துல பாகு வெச்சியா?"

துரை தலையைச் சொறிந்தான். "பலக கையில ஒட்டுச்சின்னு கய்விட்டேன். அந்த பாகு டம்ளரு... டீக்கு சக்கர கம்மியா இருந்துச்சி அண்ணாத்த. ஊத்திக் குடிச்சிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சி."

"பாகு வெக்காம எப்பிட்றா ஈ வரும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதில் விழுந்தது.

இட்லிக் கொப்பரையைத் திறந்துகொண்டிருந்த சம்பூர்ணம் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது. துரை அவரைப் பார்த்தான், இவரைப் பார்த்தான்.

"யோவ்" என்றார் சம்பூர்ணம், மிகவும் நிதானமாக. "ஒரு மாசமா வாசல்ல வெல்லம் வெச்சி நீயே அதுங்களக் கூப்புட்டுகினு, நீயே எண்ணிகினு, எனுக்கு ஏறிகினே போவுதுன்னு கணக்கு காட்டிகினு இருந்தியா?"

"அப்ப நான் குப்பய எடுத்த அன்னிக்கே ஈ பூட்சா?" என்றான் துரை. "தையூருக்கு மூட்ட தூக்கித் தூக்கி என் தோளு பூட்ச்சே! அதுக்கு அட்ட ஏதாவது கீதா அண்ணாத்த?"

செங்கல்வராயன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நினைப்பது உண்மையல்ல, எண்தான் உண்மை. அன்று காலை எட்டு மணிக்குப் பாகு வைத்து எண்ணினார். 318. பலகையைக் கழுவிக் காயவைத்து, சாயங்காலம் நான்கு மணிக்குப் பாகு இல்லாமல் எண்ணினார். 5. அட்டையை எடுத்துச் சிவப்பு மையில் எழுதினார்: 'பிழை மீட்டரில் அல்ல. ரீடிங் எடுத்தவரிடம்.' முப்பத்து மூன்று வருட வேலையிலும், அதற்குப் பிறகான ஏழு வருடத்திலும், அவர் இப்படி எழுதியது அது ஒரு முறைதான். எழுதிவிட்டு, வழக்கம்போல அதையும் ஆணியில் மாட்டினார்.

சம்பூர்ணம் பலகையை அடுப்பில் வைக்கத் தூக்கினார். செங்கல்வராயன் குறுக்கே நின்றார்.

"இரும்மே. ஒரு மாசம் சோறு போட்டு வளத்துட்டு, திடீர்னு பலகய எடுத்தா முந்நூறும் எங்க போவும்? நேரா உன் கேசரிக்குத்தான் வரும். பத்து நாள்தான் கீது ஜெயப்பிரியா மேடம் வர்றதுக்கு."

இதில் நியாயம் இருந்தது. சம்பூர்ணத்துக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான்.

மே 28 முதல் ஈக்களை இடம் மாற்றும் வேலை தொடங்கியது. பலகையைப் பாகோடு தினமும் இருபதடி தள்ளி வைப்பது. முதல் நாள் டிரம்மிலிருந்து துரையின் வண்டிவரை. மறுநாள் வண்டியிலிருந்து மின்கம்பம்வரை. காலை எட்டு மணிக்குச் செங்கல்வராயன் பலகையை இரண்டு கையிலும் ஏந்தி, சிந்தாமல், அடிமேல் அடி வைத்து நடப்பார். தலைக்கு மேல் ஈக்கள் கூட்டமாக வரும். துரை முன்னால் போய், "வழி வுடு, வழி வுடு, உற்சவம் வருது" என்று கத்துவான். கார் ஓட்டுநர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். ஜூன் 4 அன்று நாடு முழுவதும் ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடை டிவியைப் பார்க்காமல் பாதிப் பேர் வாசலில் நின்று பலகையைப் பார்த்தார்கள். அன்று பலகை நூற்று அறுபதாவது அடியில் இருந்தது. கடைக்குள் ஈ இரண்டு.

ஜூன் 6, வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்குப் பலகை இருநூறாவது அடியைச் சேர்ந்தது. அங்கே ஒரு புங்க மரம். அதன் அடியில் பலகையை வைத்துவிட்டு, முப்பத்தாறு கட்டத்திலும் வழக்கத்தைவிடத் தாராளமாகப் பாகு ஊற்றிவிட்டு வந்தார். ஒன்பது மணிக்குக் கடைக்குள் எண்ணினார். பூஜ்யம். பெஞ்சின் அடியில், கேசரியின் மேல், மின்விசிறியின் இறக்கையில், எங்கும் பூஜ்யம். சம்பூர்ணம் புதுப்புடவை கட்டி, வடைத் தட்டுக்கு வலைமூடி வாங்கி வைத்து, அன்று கேசரியில் முந்திரிகூடப் போட்டிருந்தார்.

செங்கல்வராயன் எல்லாவற்றையும் கணக்கிட்டிருந்தார், ஒன்றைத் தவிர. அந்தச் சாலையில் கோயில் திருப்பம்வரை நிழல் என்று இருப்பது அந்தப் புங்க மரம் ஒன்றுதான்.

10.31க்கு ஜெயப்பிரியாவின் ஜீப் வந்தது. நேராகப் போய்ப் புங்க மரத்தடியில் நின்றது. கதவு திறந்தது. ஆனால் அவர் இறங்கவில்லை. போன் பேசிக்கொண்டிருந்தார். கடை வாசலில் நின்று செங்கல்வராயன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஒன்பது நிமிடம். பிறகு இறங்கினார். தோளில் கைப்பை, கையில் ஒரு துணிப்பை. ஓட்டுநர் டீசல் போடப் போய்விட்டதால் வழியில் வாங்கிய பங்கனபள்ளி மாம்பழத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார்.

கடைக்குள் நுழைந்தார். அவரோடு ஏழு ஈக்கள் நுழைந்தன. துப்பட்டாவில் இரண்டு, மாம்பழப் பையில் நான்கு, தடித்த புத்தகத்தின் மேல் ஒன்று.

ஜெயப்பிரியா புத்தகத்தைத் திறந்தார், அதன் மேல் இருந்த ஈ பறந்து மேசையில் உட்கார்ந்தது.

"இன்னும் ஈ இருக்கேம்மா."

செங்கல்வராயன் முக்காலியிலிருந்து எழுந்தார். "மேடம், ஒம்பது மணிக்குக் கடையில ஈ பூஜ்யம். அட்டையில கீது. இப்ப ஏழு. நீங்க வந்தது பத்து நாப்பது. இந்த ஏழும் உங்களோட வந்தது."

"என்ன சொல்றீங்க?"

"வாடிக்கையாளர் மேல குந்தினு வர்ற ஈ கடையோடதா, வாடிக்கையாளரோடதா? இதான் கேள்வி. ஏப்ரல் இருவத்தி மூணாந்தேதியே உங்க ஆபீசுக்கு எழுதிட்டேன். இன்னும் பதில் வரல."

ஜெயப்பிரியா புத்தகத்தை மூடினார். "அம்புக்குறி போட்டுப் படம் வரைஞ்சது நீங்களா?"

"ஆமாம் மேடம்."

"அந்தப் பேப்பர் எங்க ஆபீஸ்ல ஆறு டேபிள் சுத்திடுச்சு சார். யாருமே கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. கடைசில என் டேபிள்ல வெச்சுட்டுப் போயிட்டாங்க." அவர் தன் துப்பட்டாவைக் குனிந்து பார்த்தார். இரண்டு ஈக்களும் அங்கேயே இருந்தன. "அந்த மரத்தடில என்னங்க இவ்ளோ ஈ?"

செங்கல்வராயனுக்குப் பொய் வராது. பதினொரு நாய்க்கடியையும் பற்றிக் கேட்டால் எந்தக் கால் என்பதுவரை சொல்கிறவர். "அது வந்து மேடம், அந்தப் பலகய நான்தான்..." என்று வாயைத் திறந்தார். திறந்த வாயில் சம்பூர்ணம் ஒரு முழு மெதுவடையைத் திணித்தார்.

"அவருக்கு இந்நேரம் எதனா சாப்டலன்னா மயக்கம் வந்துடும்மா. நீ குந்தும்மா, ஒரு பொங்கல் வெக்கிறேன்."

வடை பெரியது. அதை மென்று முடிக்க இரண்டு நிமிடம் பிடித்தது. அதற்குள் ஜெயப்பிரியா சமையலறையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், வலைமூடியைத் தூக்கிப் பார்த்தார். எங்கும் ஈ இல்லை. மாம்பழப் பையை வெளியே வைத்ததும், மேசையில் இருந்த ஈயும் அதன் பின்னாலேயே போனது. அவர் ஒரு வாய் பொங்கலைச் சாப்பிட்டபடி நீண்ட நேரம் யோசித்தார்.

"கடை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா ஈ இருந்துச்சு, நான் பார்த்தேன். இல்லன்னு எழுத முடியாது. யாரோடதுன்னு முடிவாகாம உங்களோடதுன்னும் எழுத முடியாது. மேல அனுப்பறேன். பதில் வர்ற வரைக்கும் நடத்துங்க."

அவர் போன பிறகு செங்கல்வராயன் அட்டையில் 7 என்று எழுதினார். பக்கத்தில், 'வந்த வழி: புங்க மரம். மேடத்திடம் சொல்ல முடியவில்லை. காரணம்: வடை.'

அதற்குப் பிறகு அறுபத்தொன்பது நாட்கள். சம்பூர்ணம் தினமும் மூன்றரைக்கு எழுந்தார், அடுப்பு மூட்டினார், இன்றைக்குக் கடைசியோ என்று நினைத்துக்கொண்டே பொங்கலில் நெய் அதிகமாக ஊற்றினார். அதனால் கூட்டம் கூடியது. தாவீதின் சைக்கிள் மணி கேட்டாலே கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். "எதனா வந்துச்சா?" "வர்ல." "வந்தா நல்லதா இருந்தா குடு, இல்லன்னா நீயே வெச்சிக்கோ." செங்கல்வராயன் பலகையைப் பரணில் போட்டுவிட்டார். ஈயை எண்ணுவதை நிறுத்தவில்லை. ஆனால் முக்காலியில் உட்கார்ந்தபடி, எதையும் கூப்பிடாமல், வந்ததை மட்டும் எண்ணினார். ஒன்று, இரண்டு, சில நாள் பூஜ்யம். அட்டையைச் சமையலறைச் சுவருக்கு மாற்றிக்கொள்ளவும் சம்மதித்தார். அது அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய விட்டுக்கொடுத்தல்.

கடைசியில் கடிதம் வந்தது. சம்பூர்ணம் வாங்கவில்லை, கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டார். துரை வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்தான். செங்கல்வராயன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உறையின் மேல் இருந்த முத்திரையிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.

"யோவ், கதய வுட்டுட்டு முடிவப் படிய்யா!"

கேள்வி ஒன்று: உணவகத்தில் இத்தனை ஈக்கள் வரை இருக்கலாம் என எண்ணிக்கை எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை. கேள்வி இரண்டு: இது குறித்த விவரம் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை. தங்களிடம் அட்டை இருப்பதாக அறிகிறோம், அதன் நகல் ஒன்றை அனுப்பிவைக்கவும். கேள்வி மூன்று: 6.6.2024 அன்று காணப்பட்ட ஏழு ஈக்களும் தம்முடன் வந்தவையே என ஆய்வு அலுவலர் எழுத்து மூலம் தெரிவித்துள்ளதால், அவை உணவகத்தைச் சேர்ந்தவையாகக் கருதப்படமாட்டா. கடையின் பதிவு தொடர்கிறது.

சம்பூர்ணம் அரிசி மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்தது இது இரண்டாவது முறை. பிறகு எழுந்து நான்கு தட்டில் கேசரி வைத்தார், தாவீதுக்கும் சேர்த்து.

"ஆபீசுல உன் அட்டய கேட்டுகீறாங்கோ அண்ணாத்த!" என்றான் துரை. "நான் எண்ணின ரெண்டு நாளும் அதுல வரும்ல? என் பேரு போடு."

செங்கல்வராயன் ஏற்கனவே சமையலறைக்குள் போய் அட்டையை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். நகல் எடுக்கக் கேளம்பாக்கம் போகவேண்டும், பதிவுத் தபால், ஒப்புகைச் சீட்டு, துரைக்கு ஒரு அடிக்குறிப்பு.

"உனுக்கு வேற வேலயே இல்லயா?" என்றார் சம்பூர்ணம். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னதால், அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று செங்கல்வராயன் சிறிது நேரம் தயங்கி, பிறகு சேர்க்காமல் விட்டார்.

கடிதம் வந்து சேர்ந்தது: 14.8.2024, புதன்கிழமை, காலை 11.10.